நாலாவது பங்கு

2003இல் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சொக்கம்மாள் லேப் அட்டெண்டர். பசங்கள் வருமுன் சர்க்யூட்டை இணைத்து, ரீடிங் பார்த்து வைப்பது அவள் வேலை. பன்னிரண்டு வோல்ட் சப்ளை, வரிசையாக ஒரே அளவில் மூன்று ரெசிஸ்டர்கள். ஆளுக்கு நாலு வோல்ட் வரவேண்டும். அன்று ஒவ்வொன்றிலும் மூன்று வோல்ட்தான் வந்தது. மீட்டரை மாற்றினாள், ஒயரை மாற்றினாள். தலைகீழாக நின்றாலும் மூன்றுதான்.

"சார், நாலு பேரு பங்கு போட்டுக்கினா மாதிரி கீது."

லெக்சரர் அபின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெக்கார்டுல நாலுன்னே எழுதிடும்மா. யாரு வந்து பாக்கப்போறா?"

மணலியில் ஒரு கம்பெனியில் ஷாக்கடித்துச் செத்த அவள் புருஷன் ஜெயவேலுக்கும் இப்படித்தான் எழுதினார்கள். லைனில் கரண்டே இல்லை, மாரடைப்பு என்று. கீழே கையெழுத்துப் போட்டவள் இவள்தான். பேனாவையும் அவர்களே கொடுத்தார்கள்.

நாலு, நாலு, நாலு என்று எழுதி முடித்தாள். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் கடைசி ரெசிஸ்டருக்கு அப்பால் இருந்த வெறும் ஒயரில் வைத்தாள். பூஜ்யம் காட்டவேண்டிய இடம். முள் எழுந்து மூன்றில் நின்றது.

அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை மாதிரி வெதுவெதுப்பாக, லேசாக வியர்த்திருந்தது.