மகளின் இடது முழங்கால்

கால்பந்து ஆடும்போது முழங்காலில் தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மகளுக்குக் காலை மடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

“போதும்மா, உயிர் போகுது.”

“இன்னும் கொஞ்சம். பல்லைக் கடிச்சுக்கோ,” என்று குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்கினாள் அம்மா.

“நடந்தா போதாதா? இனிமே பந்தே வேண்டாம்,” என்றார் அப்பா.

“அதை அவ சொல்லட்டும்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி காலை நீட்டினாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே போனது. ஊன்றுகோலை விட்டாள், படி ஏறினாள், ஓடினாள். பள்ளி அணியில் மறுபடி இடம் பிடித்து, இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டாள்.

அன்று அப்பாதான் அவளைக் கூட்டிவந்தார். அம்மா முன்னதாகவே வந்து, மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி எதிரணிப் பெண்கள். அவர்களுடைய கோச்சே அம்மாதான்.

“மிஸ், உங்க பொண்ணுக்கு இப்பத்தானே கால் சரியாச்சு. கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடட்டுமா?” என்று தயங்கிக் கேட்டாள் கேப்டன்.

அம்மா மகளை ஒருமுறை பார்த்தாள்.

“ஒரு அடி விடாதீங்க. விட்டா அவ கண்டுபிடிச்சிடுவா.”

அவர்கள் விடவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு பேர் நெருக்கிவந்தபோது, மகள் இடது காலை அழுத்தி ஊன்றிச் சட்டென்று திரும்பினாள். அடித்த பந்து வலைக்குள் போய் விழுந்தது.

“தோத்துட்டோம் மிஸ்,” என்றாள் கேப்டன், முகம் வாடி.

“ஆமாம்மா,” என்ற அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

“ஆனா, என்னமா திரும்பினா பாத்தியா?”