ஏழு பாக்கெட் மணிகள்

சயானில் கல்லூரி வகுப்பை முடித்துவிட்டுத் தாராவி வீட்டுக்குள் நுழைந்த பரீஹா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

அக்கா ராபியாவின் மடியில் ஒரு மணிச்சரம் கிடந்தது.

ராபியா வியாபாரிகளுக்கு மணி கோத்துக் கொடுப்பவள். வீட்டில் மணி கிடப்பது புதிதல்ல. ஆனால் இவை பிளாஸ்டிக் இல்லை. தீக்கோழி முட்டை ஓட்டை வட்ட வட்டமாக இழைத்துத் துளையிட்டவை. நடுநடுவே செந்நிறச் சூதுபவளக் கற்கள். கடுகளவு மஞ்சள் கண்ணாடி.

ஆறு வருடமாக, அகழாய்வுக்குழுவோடு அங்கேயே போய்த் தங்கியும், பரீஹா படித்தது இவற்றைத்தான். சூடானில், நைல் கரையில், பழைய நூபியப் புதைகுழிகளில் இறந்தவர்களின் உடம்போடு கிடக்கும் மணிகள். அந்த மஞ்சள் கண்ணாடி, ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனதாகக்கூட இருக்கலாம்.

"ராத்தா, இது எங்கேருந்து வந்துச்சு?"

"தௌசீப் பாய் குடுத்தாரு புள்ள. ஏழு பாக்கெட்டு. ஒரே மண்ணு. உள்ள நம்பர் போட்ட சீட்டு வேற. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி சோப்புப் போட்டு அலசிட்டேன். இப்ப எப்படி மின்னுது பாரு!"

ஏழு பாக்கெட் என்றால் ஏழு குழிகள்.

நூல் மக்கிப்போனாலும் மணி கிடக்கும் இடம் பேசும். கழுத்தில் கிடந்ததா, இடுப்பிலா, கணுக்காலிலா. போட்டிருந்தது வயதானவளா, பல் முளைக்காத பிள்ளையா. திருடர்கள் தோண்டிய அன்றே அதெல்லாம் போயிற்று. எந்தக் குழியின் மணி என்பதாவது அந்தச் சீட்டில் மிஞ்சியிருந்தது.

"சீட்டெல்லாம் எங்க?"

"காலையிலயே கச்சரா வண்டியில போட்டாச்சே."

பரீஹா சந்துமுனைவரை ஓடினாள். குப்பை வண்டி போய் எத்தனையோ மணி நேரம் ஆகியிருந்தது. யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். இனி அந்த ஏழு பேரை உலகத்தில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது ராபியாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நா என்ன தப்பு பண்ணுனேன்? அவரு குடுத்த படத்தப் பாத்துத்தானே கோத்தேன்!"

தாளை நீட்டினாள். ஒரு குழந்தையின் இடுப்புச்சரம், மணி மணியாக, வரிசை பிசகாமல் வரைந்திருந்தது. பரீஹா அதை அதிக நேரம் பார்க்கவில்லை. தாளைத் திருப்பினாள்.

மறுபக்கம் ஒரு வரைபடம். ஆற்றங்கரை மேட்டில் சின்னச் சின்ன வட்டங்களாகப் புதைகுழிகள். ‘இன்னும் திறக்கப்படாதவை. உடனே காவல் போட வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. ஏழு வட்டங்களில் யாரோ சிவப்பு மையால் டிக் அடித்திருந்தார்கள்.

கீழே, வரைந்தவர் என்ற இடத்தில், பரீஹா அப்துல் ரவூப் என்று இருந்தது.