தோல் வாசர்

கணியம்பாடி வயலில் டிராக்டர் நிற்கிறது. உச்சி வெயிலில் அதன் இரும்புச் சக்கரங்களைத் தொட முடியவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் முதலாளி போன வருஷம் கப்பலில் வரவழைத்த வண்டி. அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிறான் ஃபிட்டர் தேவசகாயம். எண்ணெயை வடிக்கிற அடிமூடி அசைய மறுக்கிறது. ஸ்பேனர் வழுக்கி வழுக்கி மூடியின் மூலைகள் மழுங்கிவிட்டன. "இதுல இன்னா போட்ட?" என்கிறான். டிரைவர் காசி தகரத் தட்டை ஏந்திக் குந்தியிருக்கிறான். "ஒழுகாம மூடிக்கடியில வெக்கிற செம்பு வாசர் தொலஞ்சி போச்சிண்ணே. ஷாப்புல ஈரத்தோலு வெட்டிப் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகல." பதனிடும் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய தோல் இரும்பைத் தின்று, கறுத்து, அதோடு ஒன்றாகிக் கிடக்கிறது. "அப்ப எண்ணெ மாத்தவே இல்லியா?" காசி தரையைப் பார்க்கிறான். "கொறைய கொறைய மேலயே ஊத்திக்கினு இருந்தேன்."

உளியை மூடியின் விளிம்பில் வைத்து அடிக்கிறான் தேவசகாயம். ஒவ்வோர் அடிக்கும் வண்டி முழுக்க அதிர்கிறது. வரப்பில் காகங்கள் கத்துவதை நிறுத்துகின்றன. மூடியின் தலையில் பாதி உடைந்து தெறிக்கிறது. அடுத்த அடியில் மூடி சுழல்கிறது. எண்ணெய் கூழ் மாதிரி இறங்குகிறது. தட்டில் விழுந்த கறுப்பில் வெயில் பட்டதும் பொன்னாய் மினுங்குகிறது. விரலால் தேய்த்துப் பார்க்கிறான். பித்தளைத் தூள். இஞ்சினுக்குள் என்னவோ அரைபட்டிருக்கிறது. ரோட்டில் முதலாளியின் கார் ஹாரன் கேட்கிறது. "அவரு பாக்கறதுக்குள்ள திரும்பப் போட்டு மூடிடுண்ணே," என்கிறான் காசி மெல்ல. தேவசகாயம் உள்ளங்கையை விரிக்கிறான். பாதித் தலை போய், இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காத மூடியைத் தோல் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.