பெரிய பாய்

"பெருசு எனக்கு. சின்னது உனக்குப் போதும்க்கா!"

பார்சலைப் பிரித்த கையோடு பெரிய பாயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான் கணவன். விண்ட்சர்ஃபிங் சாமான். தண்ணீரில் ஏறி நிற்க இரண்டு பலகை, அவற்றின் மேல் நட்டுப் பிடித்துக்கொண்டு காற்றில் போக இரண்டு பாய். எல்லாமே புத்தம் புதுசு.

மனைவிக்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற மனுஷன் செய்கிற காரியமா இது? எதிரே உட்கார்ந்திருப்பது அவனுடைய சொந்த அக்கா.

"ஏங்க, அண்ணிக்காகத்தானே வாங்கினீங்க? அவங்களை முதல்ல எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"விடும்மா." அண்ணி சிரித்தாள். "பொறந்ததிலிருந்தே இவன் இப்படித்தான். அப்ப வீட்டுல ஒரே பலகை. கிழிஞ்ச கூடாரத்துணியை வெட்டி அம்மா தைச்ச பாய். ஸ்கூல் விட்டதும் யாரோட பை முதல்ல பலகை மேல விழுதோ, அன்னிக்கு அது அவங்களுக்கு. இந்தத் தடியன் பையை ஸ்கூல்லயே விட்டுட்டு ஓடி வந்து, செருப்பைக் கழட்டி எறிவான்!"

"செருப்பும் செல்லும்னு அப்பாவே தீர்ப்புச் சொன்னாரே!"

"ஈரப் பாயை பாத்ரூம்ல காயப்போட்டுடுவோம். குளிக்க இடமில்லாம அம்மா கத்துவாங்க, ஞாபகம் இருக்காடா?"

"கத்திட்டு, அந்தப் பாயிலயே கையைத் துடைச்சுட்டுப் போவாங்க."

இருவரும் சிரித்தார்கள். அண்ணியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

பேச்சு எங்கே போய் முட்டியது என்று மனைவிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டி. கரை முழுக்கக் கூட்டம். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணி விழுந்தாள். அவளைத் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கியது தம்பிதான். அதற்கப்புறம் அண்ணி பலகையில் காலே வைக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை இறங்கறேன்," என்றாள் அண்ணி. "மிதவை வரைக்கும் போய்த் திரும்பணும். உனக்கு முன்னாடி நான் கரைக்கு வரணும். விழுந்தேன்னா, இந்த ஜென்மத்துல என்னைத் தண்ணிப் பக்கம் கூப்பிடாதே."

"சரி. நாளைக்கே. பத்து மணிக்கு."

மறுநாள் பத்து மணிக்கு மூவரும் கரைக்கு வந்தார்கள். காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தண்ணீர் உலை மாதிரி கொதித்தது.

அண்ணி பாயை மாட்டிக்கொண்டே தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், இந்தக் காத்துக்கு அவ்வளவு பெருசு ஆகாதுடா. தூக்கி எறிஞ்சிடும்."

"எனக்குப் பலம் இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

"திமிரு!"

இறங்கினார்கள். பத்தடி போவதற்குள் கணவன் தொப்பென்று விழுந்தான். ஏறினான். பெரிய பாய் காற்றை வாங்கிய வேகத்தில் மறுபடி குப்புறக் கவிழ்த்தது.

அண்ணியும் தடுமாறினாள். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சட்டென்று சின்னப் பாய் விறைத்து நின்றது. அண்ணி உடம்பைப் பின்னால் சாய்த்தாள். அவ்வளவுதான், பலகை அலைகளின் தலையைத் தட்டிக்கொண்டே பறந்தது. மிதவையைச் சுற்றினாள். திரும்பினாள். தண்ணீரில் கிடந்த தம்பியைக் கடக்கும்போது கத்தினாள்:

"டேய் உருண்டை! மீன் பிடிச்சது போதும், வீட்டுக்கு வாடா!"

ஸ்கூல் பெண்ணின் குரல் அது. அப்படி ஒரு குரலில் அண்ணி பேசி மனைவி கேட்டதே இல்லை.

அண்ணி கரையேறி மணலில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். அங்கே, கணவன் எட்டாவது முறையாக விழுந்தான்.

"வேணும், நல்லா வேணும்!" மனைவி கைதட்டினாள். பக்கத்தில் நின்ற படகுக் கொட்டகைக்காரரிடம் சொன்னாள்: "பேராசைங்க. அக்கான்னுகூடப் பார்க்காம பெருசைப் பிடுங்கிக்கிட்டார்."

கொட்டகைக்காரர் விழித்தார்.

"பேராசையா? பத்து நாளா தினம் காலையில எனக்குப் போன் பண்ணி, 'பெரிய பாயோட போறவன் தண்ணி குடிச்சே தீரணும், அப்படி ஒரு காத்து என்னிக்கு அடிக்கும்?'னு கேட்டுக்கிட்டே இருந்தாரேம்மா!"