புகாரே வராத வெப்சைட்

"ஆறு மாசமா ஒரு புகார்கூட இல்லீன்னு நம்ம சரக்கு வாங்குற வெளிநாட்டு பையர் அசந்துட்டான், கண்ணு!" அருள்செல்வனைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார் முதலாளி. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் புகார் எழுதும் வெப்சைட் அவன் அமைத்தது.

"நல்லா டெஸ்ட் பண்ணீங்களா?" புதிதாகச் சேர்ந்த மதுமதி கேட்டாள்.

"எல்லாமே பாஸுங்க. லாகினை எல்லா டெஸ்டுக்கும் பொதுவான பேஸ் கிளாஸ்லயே எழுதிட்டேன். ஒவ்வொரு டெஸ்டும் அதுலதான் ஆரம்பிக்கும்."

"யாரோட லாகினுங்க?"

"அட்மினோடதுங்க. அதுக்குத்தான் எல்லா அனுமதியும்..."

அவன் சட்டென்று ஒரு தொழிலாளியின் லாகினில் புகார் அனுப்பிப் பார்த்தான். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

கட்டிங் மெஷினில் இரண்டு விரல் போய் ஊர் திரும்பிவிட்ட சீனிச்சாமி, அந்த விபத்துக்கு முந்தின வாரம் இவனிடம் வந்திருந்தார்.

"கத்திக்கு மூடி இல்லன்னு பத்து தடவ எழுதிட்டேன். போவ மாட்டேங்கு தம்பி."

"டெஸ்டெல்லாம் பாஸுங்கண்ணா," என்று சிரித்திருந்தான். "உங்களுக்குத்தான் டைப் பண்ணத் தெரியல."