பத்தாவது கல்

சாலையில் நெல் காயப்போட்ட கண்ணாத்தாள் ஒன்பது கல்லைத்தான் ஓரம் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

பத்தாவது கல் சாலையிலேயே கிடந்தது.

மேம்பாலத்திலிருந்து ஊருக்கு இறங்கும் சரிவில், வளைவு முடிகிற இடத்தில், ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோலக் கிடந்தது. அம்சம் அதைக் கீழேயிருந்தே பார்த்துவிட்டாள்.

மணி ஐந்தே முக்கால். மகன் இனியவன் பட்டுக்கோட்டையில் வேலை முடிந்து எப்போதோ வண்டியை எடுத்திருப்பான். இந்த வளைவில்தான் இறங்குவான்.

நாலுவழிச் சாலை போட்டவர்கள் என்னவோ வண்டிகளுக்காகத்தான் போட்டார்கள். அறுவடை வந்துவிட்டால் ஊருக்கு அது களம். அதிலும் இந்தச் சரிவில் காலையில் கொட்டிய நெல் சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடும். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிக் கல் வைப்பார்கள். அள்ளிக்கொண்டு போகும்போது ஒரு மணி நெல்லை விடமாட்டார்கள். கல்லை விட்டுவிடுவார்கள்.

போன வருஷம் அவள் புருஷன் வீரையனைக் கொன்றதும் அப்படி விட்ட ஒரு கல்தான். அது அம்சம் வைத்த கல். ஊருக்கே தெரியும், ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஞாபகம் வந்து அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பேச்சு.

அதற்குப் பிறகு அவள் சாலையில் நெல் கொட்டுவதில்லை. அறுவடைக் காலம் முழுக்க, தினமும் சாயங்காலம் வந்து மற்றவர்கள் விட்ட கற்களை உருட்டி ஓரம் தள்ளிவிட்டுப் போவாள். இன்றைக்கென்று பார்த்து மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது.

போனை எடுத்து இனியவனைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டாள்.

எடுக்க மாட்டான். வண்டியில் இருக்கும்போது போனைத் தொடவே கூடாதென்று, அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியவளே அவள்தான். பாவி மகன், அம்மா சொன்ன எந்தப் பேச்சையும் கேட்காதவன், இதை மட்டும் கேட்டுத் தொலைத்தான்.

சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு சரிவில் ஏறி ஓடினாள். செருப்பை உதறினாள். ஓடினாள்.

மேலே வண்டிச் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

கல்லுக்கு இன்னும் பத்து எட்டு இருந்தது. எட்டிப் பிடித்தாலும் உருட்டித் தள்ள நேரமில்லை. வண்டி வளைவுக்குள் சாய ஆரம்பித்துவிட்டது. மேற்கு வெயில் நேராக அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கால் தானாகக் கல்லை நோக்கித்தான் போயிற்று. கையும் தானாக மேலே எழும்பியது.

சட்டென்று நின்றாள்.

வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் இனியவன் பாடம் நடத்துவான். அப்பா போன பிறகு வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாய்ந்த பிறகு பிரேக்கைப் பிடித்து அழுத்தக் கூடாது. பின்னால் இருப்பவர் விறைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, சேர்ந்து சாய வேண்டும். முக்கியமானது கண். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம்.

அந்தக் கடைசிப் பாடத்தைக் கேட்ட அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று கேட்டான். தலைவலி என்றாள்.

இப்போது கையைக் கீழே போட்டாள். கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர் ஓரத்துக்கு ஓடினாள். பெற்ற பிள்ளையை அம்போவென்று விட்டுவிட்டு ஓடுகிற மாதிரித்தான் இருந்தது.

அங்கே நின்று முந்தானையை உருவி வீசினாள். தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

ஹெல்மெட் அவள் பக்கம் திரும்பியது.

தலை திரும்பியதும் வண்டியும் திரும்பியது. நேராக அவளை நோக்கி வந்தது. அவள் நகரவில்லை. ஏறினால் ஏறட்டும்.

கல்லுக்கு நாலு முழம் தள்ளி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி கடந்தது. சரிவின் அடியில் போய் நின்றது.

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இனியவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு கல்லைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

“நல்லவேளம்மா, கல்லுகிட்ட நின்னு கையக் காட்டாம வுட்டியே. காட்டியிருந்தா உன்னத்தான் பாத்திருப்பேன். நேரா அங்கயே வந்து மோதியிருப்பேன்.”

அம்சம் எழுந்து போய்க் கல்லின் பக்கத்தில் நின்றாள்.

போன வருஷமும் இதே நேரம்தான். ஊரில் சொல்வதுபோல அவள் தாமதமாக வரவில்லை. வண்டி வளைவுக்கு வருமுன்பே ஓடி வந்துவிட்டாள். இதே இடத்தில், கல்லை ஒட்டி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி, “ஏங்க, ஏங்க” என்று கத்தினாள்.

வீரையன் திரும்பி அவளைப் பார்த்தான்.