சாமந்திக்குக் காவல்

பொங்கலுக்குப் பூக்கட்டும் என்று வைத்த சாமந்தி மொட்டு விட்டதும், மரகதவல்லி தோட்டத்து நடுவில் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டினாள். உருட்டிய விழி, தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை.

விடிந்ததும் ஒரு மயில் வேலி தாண்டி வந்து பொம்மையை அண்ணாந்து பார்த்தது.

“ஏன் இப்படி முறைக்கிறே? மொட்டைத் தின்னா அடிப்பியா?”

“அது என் வேலை இல்லை. செடி மேல யார் கண்ணும் படக் கூடாது. அதுக்குத்தான் என்னைக் கட்டியிருக்கா.”

“என் கண்ணு?”

பொம்மை யோசித்தது. “உன் கண்ணும்தான் படக் கூடாது.”

“அவ்வளவுதானே!”

மயில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அலகால் தடவித் தடவி மொட்டுகளைக் கொத்தித் தின்றது. ஓரக்கண்ணால் பார்க்கிறதா என்று பொம்மை கடைசி வரை கவனித்தது. பார்க்கவே இல்லை.

வெறும் காம்புகளைக் கண்டதும் மரகதவல்லிக்கு வயிறு எரிந்தது. “எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!” என்று புலம்பியவள், சாயங்காலமே அதைவிடப் பெரிய விழியுள்ள இன்னொரு பொம்மையைப் பக்கத்தில் கட்டினாள்.

“இங்கே யாரெல்லாம் வருவாங்க?” என்று புதியது கேட்டது.

“ஒரு மயில் வரும்” என்றது பழையது. “ரொம்ப நல்ல மாதிரி. கண்ணை மூடிக்கிட்டுத்தான் சாப்பிடும்.”